கியூரெட் செட் முழுக்க வாங்க வேணுமா, மெஷின் மட்டும் போதுமா?

ஆரையூர்ப் பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். ஊர் மட்டக்களப்பு ஆரையம்பதி, வெளிநாட்டில் பல் ஹைஜீனிஸ்ட் (பல் சுத்தம் செய்கிறவர்) படிப்பு, இப்போது லீவில் வீட்டில் நிற்கிறேன். அடுத்த தவணைக்கு முன் கருவிகளைச் சொந்தக் காசில் வாங்க வேண்டும். பட்டியலைப் பார்த்தால் கிரேசி கியூரெட் (பல்வேரைச் சுரண்டும் கைக்கருவி) 1/2 இலிருந்து 17/18 வரை எல்லாம் இருக்கிறது, அதோடு யூனிவர்சல் கியூரெட், சிக்கிள் (கூர்நுனிச் சுரண்டி), மூன்று விதமான புரோப் (ஆழம் அளக்கும் குச்சி). கூட்டிப் பார்த்து அப்பா ஒரு மாட்டை விற்க வேண்டும் என்கிறார் (எங்களிடம் மாடே இல்லை). முன்னே படித்த அக்காமார், "இதெல்லாம் பரீட்சைக்குத்தான், வேலைக்குப் போனால் அதிர்வால் பற்கல்லை எடுக்கும் அல்ட்ராசோனிக் மெஷினைத் தவிர ஒன்றும் தொடமாட்டாய்" என்கிறார்கள். உண்மையா? குறைந்தபட்சம் எதை வாங்கினால் சமாளிக்கலாம்? இன்னொன்று, இந்த நம்பர்களை எப்படி நினைவில் வைப்பது, எந்த முனை எந்தப் பக்கத்துக்கு என்று எனக்கு இன்னும் தலைசுற்றல்தான்.

வெட்டொன்று:
அக்காமார் சொன்னது சரி. நான் கல்முனைப் பக்கம் தனியார் கிளினிக் நடத்துகிறேன். பியெசோ மெஷின் (அல்ட்ராசோனிக்கில் ஒரு வகை), ஒரு தடித்த டிப், ஒரு மெல்லிய டிப், ஒரு சிக்கிள், ஒரு புரோப். இவ்வளவுதான் என் தட்டில். மெஷினையும் கைக்கருவியையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளில் பாக்கெட் (பல்லுக்கும் முரசுக்கும், அதாவது ஈறுக்கும், நடுவே விழும் பள்ளம்) குறைவது கிட்டத்தட்ட ஒரே அளவு, நேரம் மெஷினில் குறைவு. கையும் நோகாது. மற்றதெல்லாம் அலுமாரிக்கு அழகு.

கல்லடிக் கடற்காற்று:
வெட்டொன்று சொன்ன ஆய்வு முடிவு பொய்யில்லை. ஆனால் அந்த ஆய்வுகளில் மெஷினைப் பிடித்தவர்கள் கையால் பழகி முடித்தவர்கள். அதை விட்டுவிட்டுச் சொன்னால் பிள்ளை பிழையாக எடுத்துக்கொள்ளும்.

மனே, நான் பல் டொக்டர், இந்த மாவட்டத்தில்தான் நெடுநாள் வேலை. மெஷின் டிப்பால் வேரைத் தொட்டுக் கொண்டிருக்கும்போது அதிர்வுக்கும் தண்ணீருக்கும் நடுவில் விரலுக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது. கல் போய்விட்டதா, இல்லையா என்பதை எக்ஸ்புளோரராலும் (தடவிப் பார்க்கும் மெல்லிய ஊசி) கியூரெட்டாலும்தான் உணர வேண்டும். முரசுக்குக் கீழே கண் வேலை செய்யாது, விரல்தான் கண். அந்த உணர்வு வராமல் மெஷினுக்குப் போனால், மேலே வெள்ளையாகத் தெரிகிற கல்லை எடுத்துவிட்டு, கீழே கறுப்பாகப் பிடித்திருப்பதை வைத்துத் தைத்தது மாதிரிதான் ஆளை வீட்டுக்கு அனுப்புவாய். முரசுக்கு மேலே உள்ள கல், எச்சில் சுரப்பி திறக்கிற இடங்களில் கெதியாகக் கட்டும்: கீழ் முன்பல்லின் நாக்குப் பக்கம், மேல் கடைவாயின் கன்னப் பக்கம். அது உதிரும். கீழே உள்ளது கறுப்பாக, இறுகி, வேரோடு பின்னிக் கிடக்கும்.

சரி, வாங்குவதற்கு வருவோம். 5/6, 7/8, 11/12, 13/14. இந்த நாலு. 5/6 முன்பல்லுக்கும் முன்கடைவாய்க்கும், 7/8 கடைவாயின் கன்னப் பக்கத்துக்கும் நாக்குப் பக்கத்துக்கும், 11/12 கடைவாயின் மீசியலுக்கு (முன்னோக்கிய பக்கம்), 13/14 டிஸ்டலுக்கு (பின்னோக்கிய பக்கம்). ஒரு யூனிவர்சல், ஒரு முன்பல் சிக்கிள். மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள். 15/16 என்பது 11/12 இன் பிளேட்டை (வெட்டும் தகடு) 13/14 இன் ஷாங்கில் (கழுத்தில்) வைத்தது, வாய் சரியாகத் திறக்காதவர்களுக்கு வசதி. 17/18, 13/14 இனும் நீளக் கழுத்து. கல்லூரி கட்டாயம் என்றால் வேறு விசயம், முதலில் கேட்டுப் பார்.

தோஹாவில் காத்தான்குடியான்:
அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். நான் கட்டாரில் ஹைஜீனிஸ்ட், ஊர் காத்தான்குடி.

தங்கச்சி, நம்பருக்குப் பயப்பட வேண்டாம். கிரேசி என்ற டொக்டர் 1940 வாக்கில் செய்வித்தது, முதலில் 14 தனி முனைகள். பிறகு இரண்டிரண்டாக ஒரே கைபிடியில் வைத்தார்கள், அதுதான் 1/2, 3/4 என்று போவது. நம்பர் கூடக் கூட வாயின் பின்பக்கம் போகிறோம், ஷாங்க் அதிகமாக வளையும். அவ்வளவுதான்.

எந்த முனை என்பதற்கு நான் பழகிய வழி: கடைசி ஷாங்கை, அதாவது பிளேட்டுக்குப் பக்கத்தில் உள்ள நேர்த்துண்டை, வேலை செய்யப்போகிற பல்லின் பக்கத்துக்குச் சமாந்தரமாகப் பிடி. சரியான முனை என்றால் பிளேட்டின் முகம் பல்லைப் பார்த்துச் சரிந்து உனக்குப் பாதி மறைந்திருக்கும். பிளேட்டின் முகம் முழுவதும் பளிச்சென்று உன்னைப் பார்த்தால் அது மற்ற முனை, திருப்பு. கிரேசியில் ஒரு ஓரம்தான் வெட்டும். ஷாங்கை நிலத்துக்குச் செங்குத்தாகப் பிடித்தால் பிளேட் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும், தாழ்ந்திருக்கிற ஓரம் வெட்டுகிற ஓரம். பிளேட் 60 முதல் 70 பாகை சாய்த்து வைக்கப்பட்டிருப்பதால் ஷாங்கைச் சமாந்தரமாக வைத்தாலே கோணம் தானாகச் சரியாகிவிடும், கிரேசியின் கெட்டித்தனம் அதில்தான். யூனிவர்சலில் முகம் 90 பாகை, இரண்டு ஓரமும் வெட்டும், ஆகவே ஷாங்கைப் பல்லின் பக்கம் கொஞ்சம் சாய்க்க வேண்டும். பல பேர் கிரேசியை யூனிவர்சல் மாதிரிப் பிடிக்கிறார்கள், மறுகா "வெட்டுதில்லை" என்று கருவியைத் திட்டுகிறார்கள்.

இரண்டாம் வருசம்:
நான் பேராதனைப் பல் பீடம், ஊர் அக்கரைப்பற்று. அண்ணன் சொன்ன சாய்வு இப்போதுதான் விளங்கியது. ஸ்ட்ரோக் (கருவியை இழுக்கும் விதம்) பற்றியும் சொல்லுங்கள். எனக்கு டிஸ்டலில் எப்போதும் வழுக்குகிறது.

தோஹாவில் காத்தான்குடியான்:
வழுக்கினால் இரண்டு காரணம். ஒன்று பிளேட் மொட்டை, இரண்டு கோணம் மூடிவிட்டது. பிளேட் முகத்துக்கும் பல்லுக்கும் நடுவே 45 பாகைக்குக் குறைந்தால் பிளேட் கல்லின் மேல் வழுக்கி அதை மினுக்கிவிடும். மினுங்கின கல் மிக ஆபத்து, எக்ஸ்புளோரருக்கும் வேர் மாதிரி வழுவழுப்பாகத் தெரியும், ஆனால் அங்கேதான் இருக்கும். 90 ஐத் தாண்டினால் முரசின் உட்புறத்தைக் கிழிப்பாய். வேலைக் கோணம் 60 முதல் 80 வரை.

உள்ளே போடும்போது பிளேட்டை வேரோடு ஒட்டி மூடிக்கொண்டு போ. கல்லின் அடிவிளிம்பைத் தாண்டி இறங்கு. அங்கே திற. நுனியின் முதல் ஒன்றிரண்டு மி.மீ. மட்டும் வேரோடு ஒட்டட்டும், வேர் உருண்டை என்பதால் முழு பிளேட்டும் ஒட்டாது. அழுத்திக் கடி, 2 அல்லது 3 மி.மீ. இழு, நிறுத்து. நிறுத்துவது முக்கியம், பாக்கெட்டுக்கு வெளியே முழுக்க இழுக்க வேண்டாம். தேங்காய் துருவுவது மாதிரி ஒரே வேகத்தில் மேலும் கீழும் சுரண்டினால் கல் துண்டு துண்டாகச் சீவப்படும், அடியோடு கழராது. விரலால் இழுக்காதே, மணிக்கட்டும் முன்கையும் சேர்ந்து திரும்பட்டும், மோதிர விரல் பக்கத்துப் பல்லில் ஊன்றியிருக்கட்டும். அந்த ஊன்று போனால் எல்லாம் போச்சு.

வெட்டொன்று:
இவ்வளவு கோணமும் பாகையும் பார்த்து ஒரு வாயை முடிக்க ஒரு பகல் போகும். வெளியே பதினைந்து பேர் கதிரையில் இருந்தால் என்ன செய்வீர்கள்?

கல்லடிக் கடற்காற்று:
வெட்டொன்று, உங்கள் மெஷினுக்கும் கோணம் உண்டு. டிப்பின் நுனியைப் பல்லில் குத்தக் கூடாது, பக்கவாட்டைக் கிட்டத்தட்டச் சமாந்தரமாக, 0 முதல் 15 பாகைக்குள் வைக்க வேண்டும். பியெசோ டிப் நேர்கோட்டில் ஆடும், ஆகவே அதன் பக்கங்களால்தான் வேலை. நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் ஆடுகிற ஒன்றை நுனியால் குத்தினால் வேரில் கோடு விழும். அழுத்தவும் கூடாது, அழுத்தினால் ஆட்டம் குறையும். டிப் தேய்ந்ததை அளந்து பார்க்கிறீர்களா? 1 மி.மீ. தேய்ந்தால் வேலைத்திறனில் கால்வாசி போகும், 2 மி.மீ. போனால் பாதி, அதோடு வீச வேண்டியதுதான். அநேகமானோர் டிப் முறிகிற வரைக்கும் வைத்து அடிக்கிறார்கள், பிறகு மெஷினில் பவரைக் கூட்டுகிறார்கள், ஆள் கதிரையில் துள்ளுகிறார்.

வெட்டொன்று:
தேய்மானம் பார்க்கிற அட்டை கம்பனிக்காரன் தருவான், எனக்கும் இருக்கிறது. ஆனால் ஒன்றை நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். ஃபர்கேஷனில் (கடைவாய் வேர்கள் பிரியும் இடம்) உங்கள் கியூரெட் தோற்கும். முதல் கடைவாய்ப் பற்களின் வேர்ப்பிளவு வாசலை அளந்தபோது பாதிக்கு மேல் 0.75 மி.மீ. அல்லது அதைவிடக் குறைவு. கியூரெட் பிளேட்டின் அகலமே 0.75 இலிருந்து 1.1 வரை. வாசலை விடப் பெரிய ஆளை எப்படி உள்ளே விடுவீர்கள்? மெல்லிய அல்ட்ராசோனிக் டிப் போகும்.

கல்லடிக் கடற்காற்று:
அதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஃபர்கேஷனுக்கு மெல்லிய டிப்தான். ஆழமான, ஒடுங்கின பாக்கெட்டுக்கு மினி கியூரெட்டும் உண்டு, பிளேட் சாதாரணத்தின் பாதி நீளம். ஆனாலும் 5, 6 மி.மீ. தாண்டினால் எதைப் பிடித்தாலும் கல் மிஞ்சும், அதனால்தான் திரும்ப அளக்கிறோம், தேவையென்றால் முரசைத் திறந்து சத்திரசிகிச்சை செய்கிறோம்.

ஆக இரண்டும் வேண்டும். மெஷினால் மொத்தத்தை எடு, கையால் தேடி முடி. இதைத்தான் பிள்ளைக்குச் சொல்ல வந்தேன்.

சாகாமத்தான்:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், நான் பல்லுக்குச் சம்பந்தமில்லாத ஆள், விவசாயி. என் அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, காலையில் எழும்பினதும் வெற்றிலை, படுக்கும்போதும் வெற்றிலை. முரசில் இரத்தம், முன்பல் ரெண்டு ஆடுகிறது. கிளீன் பண்ணச் சொன்னார்கள். ஊரில் எல்லாரும் "கிளீன் பண்ணினால் உள்ள பல்லும் விழும்" என்கிறார்கள். அம்மாவும் அதைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்கிறார். எது உண்மை?

கல்லடிக் கடற்காற்று:
தம்பி, அந்தப் பேச்சு ஏன் வந்தது என்று சொல்கிறேன். எலும்பு ஏற்கெனவே கரைந்துபோன பல்லைச் சுற்றிக் கல் கட்டி, பக்கத்துப் பல்லோடு பாலம் மாதிரிச் சேர்த்துப் பிடித்திருக்கும். கல்லை எடுத்ததும் அந்தப் பிடி போய், பல்லின் உண்மையான ஆட்டம் தெரியும். சில நாள் கூடுதலாகவும் ஆடலாம். வீக்கம் வற்றி முரசு இறுகினதும் அநேகமாக ஆட்டம் குறையும். பல் இடுக்கு தெரியும், குளிர்ந்த தண்ணீர் கூசும், அதையும் முன்கூட்டியே அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் "பார், நான் சொன்னேன்தானே" என்பார். கல்லை விட்டுவைத்தால் எலும்பு இன்னும் கரையும், அப்போது உண்மையாகவே விழும்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். சீனியும் முரசும் ஒன்றையொன்று கெடுக்கும். முரசுச் சிகிச்சை ஒழுங்காகச் செய்தால் மூன்று நாலு மாதத்தில் எச்.பி.ஏ.1.சி. (இரண்டு மூன்று மாதச் சீனி நிலையைக் காட்டும் இரத்தச் சோதனை) சராசரியாக 0.4 வீதப்புள்ளி அளவு இறங்குவதாக ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள்.

அப்புறம் வெற்றிலை. இது மாணவர்களுக்கும்தான் சொல்கிறேன், எங்கள் மட்டக்களப்பு, அம்பாறை வாய்களில் புரோப்பை எடுக்க முன்னம் கன்னத்தைப் பாருங்கள். பாக்கும் புகையிலையும் போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் வெளிறி, விரலால் தடவினால் நார் நாராக இறுகியிருந்தால், வாய் திறப்பு குறைந்துகொண்டு வந்தால், அது சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ், புற்றுநோய்க்கு முந்திய நிலை. ஆளின் சொந்த விரல் மூன்றை நிமிர்த்தி முன்பற்களுக்கு நடுவே வைக்கச் சொல்லிப் பாருங்கள், போகாவிட்டால் சந்தேகப்படுங்கள். பாக்குத் தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் முதல் தரத்தில் போட்டிருக்கிறது. இலங்கையில் ஆண்களிடம் அதிகம் காண்பது வாய்ப்புற்றுநோய். இரண்டு கிழமையில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு எதுவென்றாலும் ஸ்கேலிங்கை (கல் எடுப்பதை) தள்ளி வைத்துவிட்டு முதலில் அனுப்புங்கள். உங்கள் அம்மாவுக்கும் அதை ஒருக்கால் பார்க்கச் சொல்லுங்கள் தம்பி.

சாகாமத்தான்:
நன்றி டொக்டர். சீனி இருக்கிறது, குளிசை எடுக்கிறார். முரசுக்கும் அதுக்கும் தொடர்பு என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன்.

இரண்டாம் வருசம்:
ஒரு கேள்வி. வெற்றிலை போட்டு வாய் முழுக்கக் கல்லோடு இருக்கும் சிலருக்குப் பாக்கெட்டே இல்லை, கொஞ்சம் கல் உள்ள இளம் ஆளுக்கு 7 மி.மீ. இது ஏன்?

கல்லடிக் கடற்காற்று:
அதற்கு உலகத்துக்கே பதில் தந்தது நம் நாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். ஹரால்ட் லோ என்ற நோர்வே ஆய்வாளரின் குழு 1970 இல் தொடங்கி 480 ஆண் தொழிலாளர்களைப் பல வருசம் பின்தொடர்ந்தது. பல் துலக்கும் பழக்கமோ பல் வைத்தியமோ இல்லாதவர்கள், எல்லாரிடமும் கல்லும் அழற்சியும். 1986 இல் வெளிவந்த கட்டுரையில் பல்லின் பிடிப்பு 8 வீதமானவர்களுக்கு வேகமாகவும் 81 வீதமானவர்களுக்கு மிதமாகவும் போனது, 11 வீதமானவர்களுக்கு முரசு அழற்சியைத் தாண்டி ஒன்றுமேயில்லை. வேகமான கூட்டத்தில் 45 வயதில் பிடிப்பின் சராசரி இழப்பு 13 மி.மீ. வரை. ஒரே தோட்டம், ஒரே ஊத்தை, மூன்று விதமான முடிவு.

வைத்தியம் கிடைக்காத மனிதர்களை வைத்துப் பாடப்புத்தகம் எழுதினார்கள் என்பது எனக்கு எப்போதும் உறுத்தும், அது தனிக் கதை. ஆனால் முரசு நோயின் இப்போதைய வகைப்பாட்டில் நிலை 1 முதல் 4 வரை போதாமல் தரம் ஏ, பி, சி என்று தனியாகப் போடுவது இதனால்தான். எவ்வளவு போயிருக்கிறது என்பது நிலை, எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது தரம். நாளைக்கு 10 சிகரெட் அல்லது கூட, அல்லது எச்.பி.ஏ.1.சி. 7 அல்லது கூட என்றால் நேரே சி.

ஆரையூர்ப் பிள்ளை:
இழை எங்கேயோ போய்விட்டது, ஆனால் நல்லாயிருக்கிறது, நிறுத்தாதீர்கள். புரோப் மூன்றில் எதை எடுக்க?

தோஹாவில் காத்தான்குடியான்:
யூ.என்.சி. 15 ஒன்று. ஒவ்வொரு மி.மீ. கோடும் இருக்கும், 5, 10, 15 இல் கறுப்புப் பட்டை, வாசிப்பது சுலபம். வில்லியம்ஸில் 4 உம் 6 உம் இல்லை, அவசரத்தில் கண் ஏமாறும். நுனியில் 0.5 மி.மீ. உருண்டை உள்ள உலக சுகாதார நிறுவனப் புரோப் முதல் சோதனைக்கு, அதன் கறுப்புப் பட்டை 3.5 இலிருந்து 5.5 வரை. பட்டை முழுக்க மறைந்தால் குறி 4, அதாவது ஆழமான பாக்கெட், வாய் முழுவதற்கும் எக்ஸ்-ரே படமும் அளவும் எடுக்க வேண்டும். ஃபர்கேஷனுக்கு வளைந்த நேபர்ஸ் புரோப். மேல் கடைவாயின் மீசியல் வாசலைக் கன்னப் பக்கமிருந்து தேடாதே, அண்ணப் பக்கமாகப் போனால் கிடைக்கும்.

அழுத்தம் 20, 25 கிராம் போதும். சமையல் தராசு வீட்டில் இருந்தால் அதன் மேல் புரோப்பை அழுத்திப் பழகு, முதல் நாள் எல்லாரும் 60, 70 போடுவார்கள். அழற்சி உள்ள இடத்தில் அதே அழுத்தத்துக்குக் கூடுதலாக இறங்கும். சிகிச்சைக்குப் பிறகு 6 இருந்தது 4 ஆனால் எல்லாம் புதிதாக ஒட்டிக்கொண்டது என்று நினைக்காதே. கொஞ்சம் முரசு வற்றி இறங்கியதால், கொஞ்சம் திசு இறுகிப் புரோப் ஊடுருவாததால். அதனால்தான் பாக்கெட் ஆழத்தோடு முரசு இறங்கிய அளவையும் கூட்டி அட்டாச்மென்ட் இழப்பை (பல்லின் பிடிப்பு எவ்வளவு போனது என்பதை) எழுதச் சொல்கிறார்கள். திரும்ப அளப்பதையும் அடுத்த கிழமையே செய்ய வேண்டாம், இரண்டு மூன்று மாதம் விடு.

வெட்டொன்று:
தராசு யோசனை நல்லது. என்னிடம் வேலை பழகுகிற பிள்ளைக்கும் சொல்கிறேன்.

3 மி.மீ. க்குக் கீழே உள்ள ஆரோக்கியமான இடத்தில் கியூரெட் போட வேண்டாம் என்பதையும் சேருங்கள். அங்கே சுரண்டினால் ஒட்டியிருப்பதுதான் கழரும். எல்லாப் பல்லையும் ஒரே மாதிரிச் சுரண்டுவது சுத்தமில்லை, சேதம்.

ஆரையூர்ப் பிள்ளை:
தீட்டுவது பற்றி யாராவது. கல்லூரியில் ஒரு மணி நேரம் காட்டினார்கள், ஒன்றும் தங்கவில்லை.

கல்லடிக் கடற்காற்று:
மொட்டைக் கியூரெட் வாங்காத கியூரெட். தீட்டத் தெரியாவிட்டால் முழு செட்டும் வீண் காசு.

பிளேட்டின் முகத்தை நிலத்துக்குச் சமாந்தரமாக வை, நுனி உன்னைப் பார்க்கட்டும். முழங்கையை மேசையோடு ஒட்டிக்கொள். தீட்டுகல்லை முதலில் நேர்நிமிர்த்தி, பிறகு மேல்பக்கத்தை வெளிப்புறமாகச் சாய், முகத்துக்கும் தீட்டுகல்லுக்கும் நடுவே 100 முதல் 110 பாகை. அப்போதுதான் பிளேட்டின் உட்கோணம் 70, 80 இல் நிற்கும். சின்னச் சின்னதாக மேலும் கீழும், கீழே வருகிற இழுப்பில் முடி, இல்லாவிட்டால் ஓரத்தில் பிசிர் நிற்கும். குதியில் (பிளேட்டின் அடியில்) தொடங்கி நடு, மறுகா நுனி, நுனியை உருட்டிவிடு, கூராக்கினால் அது கியூரெட் இல்லை, சிக்கிள். கறுப்புச் சேறு முகத்தில் ஏறினால் வேலை நடக்கிறது. விளக்கடியில் ஓரத்தைத் திருப்பிப் பார், மொட்டை ஓரத்தில் வெளிச்சம் கோடாக மினுங்கும், கூரில் ஒன்றும் தெரியாது. பிளாஸ்டிக் சோதனைக் குச்சியில் கடித்தால் டிக்கென்று பிடிக்க வேண்டும்.

செராமிக் கல்லுக்குத் தண்ணீர், ஆர்க்கன்சாஸ் கல்லுக்கு எண்ணெய். நகத்தில் கூர் பார்க்காதே, கையுறையிலும் பார்க்காதே.

தோஹாவில் காத்தான்குடியான்:
ஊரில் வைத்துப் பழகினால் ஒரு விசயம், கருவியைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவி அப்படியே விடாதே. கடற்கரைப் பக்கத்துக் கிணறு உப்பு, ஸ்டெயின்லஸ் என்றாலும் புள்ளி புள்ளியாக அரிக்கும். காய்ச்சி வடித்த தண்ணீரில் கடைசி அலசல், துடைத்து உலர்த்து. ஓட்டோகிளேவுக்கும் அந்தத் தண்ணீர்தான், 134 பாகையில் 3 நிமிடம் அல்லது 121 இல் 15 நிமிடம்.

பழக ஆள் இல்லாவிட்டால் முட்டை. கோதில் நகப்பூச்சைத் தடித்த புள்ளிகளாக வைத்துக் காயவிட்டு, கோது உடையாமல் பூச்சை மட்டும் கியூரெட்டால் எடு. அழுத்தம் கூடினால் முட்டையே சொல்லித்தரும்.

ஆரையூர்ப் பிள்ளை:
அம்மா முட்டைக்கு ஏசுகிறார், ஆனாலும் மூன்று உடைந்த பிறகு பிடி கொஞ்சம் வந்திருக்கிறது. அப்படியென்றால் 5/6, 7/8, 11/12, 13/14, ஒரு யூனிவர்சல், ஒரு சிக்கிள், யூ.என்.சி. 15, நேபர்ஸ், செராமிக் கல். கல்லூரிக்கும் எழுதிக் கேட்டேன், மிச்சத்தை அங்கே இரவல் எடுக்கலாம் என்று பதில் வந்தது. கைபிடி எது நல்லது? கடையில் மெல்லியது விலை குறைவு.

கல்லடிக் கடற்காற்று:
மெல்லியதை எடுக்காதே மனே. கைபிடி விட்டம் 10 மி.மீ. அளவு, பாரம் 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது, உள்ளே பொள்ளலானது. மெல்லிய பிடியை இறுக்கிக் கிள்ளிப் பிடிக்க வேண்டி வரும், சில வருசத்தில் பெருவிரல் அடியும் மணிக்கட்டும் பேசத் தொடங்கும். சோதனைக் குச்சியையும் மறக்காமல் அதே பட்டியலில் போடு.